எழுபத்தெட்டுக்கு ஊசி இல்லை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு மாடியறையில் ஆறேழு பேர் கூடிவிடுவோம். ஊரம்பிலிருந்து ஒரு அண்ணன், வெள்ளறடையிலிருந்து ஒரு தம்பி, காரக்கோணத்திலிருந்து டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நண்பர், களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு பேர். எல்லாருக்கும் எலக்ட்ரானிக் இசை என்றால் உயிர். லேப்டாப்பில் தாளம் கட்டுகிறவர்கள். பழைய சிந்தசைசரின் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் இது இன்ன மாடல் என்று சொல்லிவிடுகிறவர்கள். கறுப்பு ரிக்கார்டு தேடித் திருவனந்தபுரம் சாலைக் கம்போளம் முழுக்க அலைகிறவர்கள். நானும் அவர்களில் ஒருவன்தான். இருபது வருஷம் கானமேளாக்களில் கீபோர்டு வாசித்துவிட்டு, இப்போது பாறசாலை வட்டாரத்துச் சபைகளுக்குப் பாட்டு ட்ராக் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன்.

மூன்று மணி நேரம் பேசுவோம். அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு ரிக்கார்டு முதலிலிருந்து கடைசி வரை ஓடி நான் கண்டதில்லை.

பெல்ட் டிரைவ் நல்லதா, டைரக்ட் டிரைவ் நல்லதா? மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் போதுமா, மூவிங் காயிலுக்குப் போகணுமா? அனலாக் சிந்தசைசரை வாங்குவதா, அதே சத்தத்தைத் தரும் பிளக்-இன்னைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதா? இந்த ஆடியோ இண்டர்பேஸில் மைக் பிரீஆம்ப் சுத்தமாக இருக்கிறதா, அந்த ஸ்பீக்கருக்கு அடியில் பஞ்சு வைக்கணுமா? டீ வரும், ஆறும். யாராவது ஒரு எல்.பி.யைப் போடுவார்கள். ஊசி இறங்கி அரை நிமிஷம்கூட ஆகாது, "பாஸ் கொஞ்சம் லூசா இருக்கு பாருங்க" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அப்புறம் பாட்டு தன் பாட்டுக்கு ஓடும், பேச்சு தன் பாட்டுக்கு ஓடும்.

கருவியைப் பற்றிப் பேசுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. கருவி தெரியாமல் இந்த வேலை நடக்காது. ஆனால் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். டர்ன்டேபிளை இண்டர்பேஸில் மாட்டினால் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. ஊசியிலிருந்து வருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். அதைப் பல மடங்கு பெருக்கும்போது வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸும் கூடவே பெருகும். மூன்று ஞாயிறு இதைப் பேசினோம். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு கேபிள் வாங்கினால் தீரும் என்று முடிவுக்கே வந்துவிட்டார்கள். நாலாவது வாரம் மோட்டார் பழுது பார்க்க வந்த வயரிங் பையன், கிணற்றடியில் எர்த் கம்பியின் நட்டு துருப்பிடித்து விட்டுப்போயிருந்ததைப் பார்த்து, சுரண்டி முறுக்கினான். இரைச்சல் நின்றது. அன்றைக்கும் அந்த அமைதியில் ஒரு பாட்டுக் கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இதெல்லாம் போகட்டும். என் மனதை அறுப்பது ஒரு மரப்பெட்டி.

செறுவாரக்கோணம் பக்கம் ஒரு மைக் செட் மாமா இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் அஹூஜா ஆம்பிளிஃபயரும், நாலு கோளாம்பி ஸ்பீக்கரும், கார் பேட்டரியும் வைத்துக்கொண்டு அமரவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை கல்யாணம், கோயில் கொடை, சபைப் பண்டிகை எதையும் விடாமல் ஓடியவர். 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. எங்கள் நெய்யாற்றின்கரையையும் சேர்க்கணும் என்று கேட்டவர்கள் கேட்டபடி நிற்க, நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். எல்லைக்கோடு விழுந்தது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தமிழ்ப் பாட்டுக் கேட்பார்கள், பெண் வீட்டார் மலையாளப் பாட்டுக் கேட்பார்கள். இரண்டும் மாமா பெட்டியில் இருந்தாகணும்.

அந்தப் பெட்டியை முதல்முதலாக அவர் எனக்குத் திறந்து காட்டிய நாள் கண்ணிலேயே நிற்கிறது. ஒவ்வொரு தட்டின் உறையிலும் பிளாஸ்திரி ஒட்டி மையில் நம்பர். கூடவே ஒரு நீள நோட்டு. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் மலையாளம். எந்த நம்பர் எதற்கு என்று அவர் கையெழுத்தில் குறிப்பு: கோயிலில் முதல் பாட்டுக்குச் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, விடியற்காலைக்கு பி. லீலாவின் ஞானப்பான, சபைக்குக் கீர்த்தனைகள், மாப்பிள்ளை கார் ஏலா வயல் வரம்பில் திரும்பும்போது போட ஒரு டூயட், ராத்திரி சாப்பாடு முடிந்து கிழவர்கள் கேட்க 'திருவிளையாடல்' கதை வசன எல்.பி. சில நம்பர்களுக்கு நேரே ஒரு சின்ன சிலுவைக்குறி. என்ன மாமா என்று கேட்டேன். "அது துட்டி வீட்டுக்குப் பக்கத்துல போடப்படாத பாட்டு, மக்களே" என்றார். இந்த ஊரின் ஐம்பது வருஷத்துக் காதையே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார் மனிதர்.

பெட்டியின் அடித்தட்டில் 78-கள், அதாவது நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள். வெளிநாடுகளில் நின்றுபோன பிறகும் 1960-களின் பிற்பகுதி வரை கல்கத்தா டம்டம் ஆலையில் 78 அழுத்திக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் எங்களைப் போன்ற ஊர்களில் கரண்ட் வந்து, எல்.பி. வந்து, ரொம்ப காலம் வரை இந்தக் கனத்த தட்டுகள் புழங்கின. நாகர்கோவில் ஒழுகினசேரிக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' தட்டுகள் சில மாமாவிடம் இருந்தன. 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் வரும் காலட்சேபம் அது. நந்தனார் கதையைத் திருப்பிப் போட்டு, கிந்தன் என்ற சேரிப் பையன் படித்துப் பெரிய அதிகாரியாவதைச் சொல்லும். இதைக் கோளாம்பியில் போட்டால் வயலில் நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து நின்று கேட்பார்களாம்.

நான்தான் பெட்டியைப் பற்றி எங்கள் கூட்டத்தில் வாய்விட்டேன். மறு ஞாயிறே எல்லாரும் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தட்டுகளைப் புரட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாண வீட்டுச் சாமான் கடையில் பாத்திரம் பொறுக்குவது போல. 1986-ன் 'புன்னகை மன்னன்' இருக்கிறதா? கம்ப்யூட்டர் இசை வந்த படமாச்சே. அதே வருஷத்து 'விக்ரம்'? இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'? டிஸ்கோ ஏதாவது? இந்த வகையில் ஒன்பது எல்.பி. தேறியது. தொகை பேசி வாங்கிப் போனார்கள். மாமா கூடுதலாகக் கேட்கவில்லை, இவர்களும் ஏமாற்றவில்லை, அது வேறு. அடுத்த மாதம் நகரத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். இவர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "பீட்டில்ஸ் 78 ஏதாவது உண்டா?" டம்டமில் அழுத்திய பீட்டில்ஸ் 78-க்கு வெளிநாட்டில் நல்ல விலையாம். இல்லை என்றதும் ஹிந்திப் படத் தட்டுகளை மட்டும் அள்ளிக்கொண்டு கிளம்பினார். மிஞ்சியது கீர்த்தனை, வசனம், கதாபிரசங்கம், கலைவாணர், பேர் தெரியாத நாதஸ்வரம். "இதையெல்லாம் ஆக்கிரிக்காரன்கூட எடுக்க மாட்டான்" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் மாமா காதுபடவே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் சரண்ஜித் சிங் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர். 1982-ல் ரோலண்ட் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 என்ற மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். ஹெச்.எம்.வி. வெளியிட்டது. சீந்துவாரில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1987-ல், சிகாகோக்காரர்கள் அதே 303 பெட்டியைத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்று உலகத்தையே ஆட்டிவைத்தார்கள். 2010-ல் அந்த எல்.பி.யை நெதர்லாந்தில் மறுபடி வெளியிட்ட பிறகுதான் நம் ஆட்களுக்கு இப்படி ஒருவர் இங்கேயே இருந்தார் என்று தெரிந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்திலும் இதே கதைதான். 1969-ல் அமெரிக்காவிலிருந்து இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து அங்கே ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். நம் நாட்டு இளைஞர்கள் அதில் செய்த இசை டேப்புகளில் அப்படியே கிடந்து, 2023-ல்தான் ரிக்கார்டாக வெளியே வந்தது.

இந்த இரண்டு கதையையும் எங்கள் மாடியறையில் மாற்றி மாற்றிச் சொல்லி நெகிழ்ந்து போவார்கள். அந்த எல்.பி.யும் இருபது முப்பது வருஷம் யாரோ ஒருவருடைய பெட்டியில், 'இது ஆகாது' என்று ஒதுக்கிய குவியலில் கிடந்ததுதானே? அந்தப் பெட்டிக்கு முன்னால் இன்றைக்கு நாமே நிற்கிறோம், நாமே ஒதுக்குகிறோம் என்பது ஏன் இவர்களுக்கு உறைக்கவில்லை? நெய்யாற்றின்கரைப் பக்கம் திருப்புறத்தில் பிறந்த மோசவல்சலம் சாஸ்திரியாரின் கிறிஸ்தவக் கீர்த்தனையை இந்த ஊர்க் குரல் ஒன்று எப்படிப் பாடியது என்று நாளைக்கு ஒருவன் தேடி வந்தால் எதைக் காட்டுவோம்?

அதன் பிறகு நடந்ததை எழுதவே கை வரவில்லை.

மிஞ்சிய 78-களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறோம் என்று மாமாவிடம் சொல்லி, பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எடவப்பாதி மழை கொஞ்சம் இடைவிட்ட சமயம். உறைகளில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. எங்கள் ஊரில் எடவப்பாதி ஒரு மழை, துலாவர்ஷம் ஒரு மழை. வருஷத்தில் ஆறு மாதம் அலமாரிக்குள்ளேயே ஈரம் குடியிருக்கும். மாமாவும் பெட்டியோடு வந்திருந்தார். வெள்ளறடைத் தம்பி ஆர்வமாக ஒரு தட்டை எடுத்தான். கிந்தனார் தட்டுகளில் ஒன்று. அவன் தன் எல்.பி.களைத் துடைக்கும் பாட்டிலைப் பஞ்சில் நனைத்தான். ஐசோபுரோபைல், அதாவது ஸ்பிரிட். நான் கீழே டீ எடுக்கப் போயிருந்தேன். வந்து பார்க்கிறேன், பஞ்சு முழுக்கக் காப்பிக் கறுப்பு. தட்டின் பாதி, பளபளப்புப் போய், சாம்பல் பூத்தாற்போல் மங்கி, விரல் வைத்தால் ஒட்டுகிறது.

எல்.பி. வினைல். 78 அரக்கு. மரத்தில் பூச்சி வைக்கும் அதே அரக்கில் கல்பொடி கலந்து அழுத்தியது. ஸ்பிரிட் பட்டால் கரையும். எங்கள் ஊர் ஆசாரிமார் கதவுக்கும் கட்டிலுக்கும் பாலீஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில்தானே! தம்பியின் அப்பாவே ஆசாரி. பட்டறையில் அந்த வாசத்தோடு வளர்ந்த பையன். மூவிங் காயில் கார்ட்ரிட்ஜின் உள்ளமைப்பைப் படம் வரைந்து விளக்குவான். கையில் இருக்கும் தட்டு எதனால் ஆனது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை ஞாயிறு இத்தனை பேர் உட்கார்ந்து பேசினோமே, இந்த ஒரு சங்கதியை நாங்கள் யாரும் பேசவில்லையே.

மாமா தட்டை வாங்கினார். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். லேபிளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் நம்பரைப் பார்த்தார். "சாரமில்ல, மக்களே" என்று தம்பியின் தோளில் தட்டிவிட்டு, அதே உறையில் போட்டு, அதே இடத்தில் செருகினார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

சரி, மீதியையாவது ஏற்றிவிடுவோம் என்றால், அடுத்த கொடுமை. எங்கள் ஏழு பேரிடமும் சேர்த்து ஐந்து டர்ன்டேபிள் இருக்கிறது. ஒன்றின் விலை என் இரண்டு மாத வருமானம். ஐந்திலும் 33, 45 இரண்டு வேகம்தான். ஐந்திலும் 78 வாசிக்கும் ஊசி கிடையாது. 78-ன் பள்ளம் அகலம். அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரான் முனை வேண்டும். எல்.பி. ஊசியின் முனை 18-லிருந்து 25 மைக்ரான். அதை 78-ல் இறக்கினால் பாட்டு இருக்கும் சுவரைத் தொடாமல், பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியையும் கீறலையும்தான் வாசிக்கும். மாமாவின் பழைய பிளேயரில் ஒரு சின்னத் திருகு உண்டு. இப்படித் திருப்பினால் எல்.பி., அப்படித் திருப்பினால் 78. அந்தக் காலத்து மைக் செட்காரர் எல்லாரிடமும் இருந்த வசதி. ஆனால் அதிலிருந்த கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் ரோஷெல் உப்பால் ஆனது. ஈரத்தைக் குடித்துக் குடித்து எப்போதோ செத்துவிட்டது.

வேகத்துக்கு வழி இருக்கிறது. 45-ல் ஓடவிட்டுப் பதிந்து, கம்ப்யூட்டரில் 1.73 மடங்கு கூட்டினால் 78 ஆகிவிடும். ஊசி மட்டும் வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கலாம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் ஆரம்பித்தது. எந்த கார்ட்ரிட்ஜில் மாட்டுவது? மோனோவா ஸ்டீரியோவா? 1954-ல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. ஈக்வலைசேஷன் 78-க்குப் பொருந்தாதே, அதற்குத் தனி பிரீஆம்ப் வேண்டாமா? வாங்குவதே வாங்குகிறோம், நல்லதாக வாங்குவோமே. நல்ல கேள்விகள்தான், நான் மறுக்கவில்லை. நாலு மாதம் கேட்டார்கள். நாலு மாதத்தில் துலாவர்ஷம் வந்துவிட்டது, இடி இறங்கும் பயத்தில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிப் போட்டோம், பெட்டியின் ஒரு மூலையில் கறையான் வழி கண்டுவிட்டது. ஒரு தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தைப் பதிய நாலு மாதப் பேச்சு.

கடைசியில் நானே தனியாகப் பணம் கட்டி ஊசிக்கு ஆர்டர் போட்டேன். எங்களுடையது எல்லை வீடு. அடுத்த வீட்டுக்கு வேறு மாநிலத்துப் பின்கோடு. பார்சல் களியக்காவிளை வரை வந்து, விலாசம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டு நாள் அலைந்து, திரும்பிப் போய்விட்டது. மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் சன்னி மாத்யூ என்பவர், வன வளர்ச்சிக் கழக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆளாக ரிக்கார்டுகளும் கிராமபோன்களும் சேர்த்து வீட்டோடு ஒரு மியூசியமே வைத்திருக்கிறார். அவருக்கும் இதே மழைதான், இதே ஈரம்தான். இங்கே ஏழு பேர் இருக்கிறோம். மைக் இருக்கிறது, இண்டர்பேஸ் இருக்கிறது, ஹெட்ஃபோன் ஆளுக்கு இரண்டு இருக்கிறது. இருந்தும் என்ன? கர்நாடக இசைப் பாடகி பாறசாலை பொன்னம்மாள் 2021 ஜூனில் காலமானார். எங்கள் ஊர்ப் பேரைத் தன் பேரோடு சுமந்தவர். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த வழக்கத்தை உடைத்து, எண்பது வயது தாண்டிய பிறகு, 2006-ல் அங்கே பாடியவர். அந்தச் சாவுச் செய்தி வந்த சாயங்காலம் எங்கள் ஆட்கள் போனில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு ஹெட்ஃபோன்களில் எது மேல் என்று.

என் கோபம் அவர்கள் மேல் மட்டுமில்லை. டிஆர்-808-ன் கைத்தட்டல் சத்தத்தை முதல்முதலாக ஒரு கானமேளா மேடையில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஆசைதான் என்னை இந்த வழிக்குக் கொண்டுவந்தது, அவர்களையும் கொண்டுவந்தது. காதால் கேட்கத்தான் வந்தோம். அந்தக் காலத்தில் ஏலாவுக்கு அந்தக் கரையில் கோளாம்பி கட்டி மாமா போட்ட பாட்டு, காற்று திரும்பினால் அறுந்தும், மறுபடி திரும்பினால் கூடியும் வரும். அந்த அறுந்த பாட்டை வரம்பில் நின்று முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நகர்வோம்.

நேற்று ராத்திரியும் மாமா போன் செய்தார். வாரம் ஒருமுறை கூப்பிடுவார். நலம் விசாரிப்பார், மழை விசாரிப்பார், கடைசியில் அதற்கு வருவார்.

"பாட்டு ஏறிச்சா, மக்களே?"

"இல்ல மாமா. ஊசி வரல்ல."

"செரி. வந்தா, முதல்ல அந்தக் கிந்தனாரைப் போட்டுப் பாரு. ஒரு பக்கந்தானே கெட்டுப் போச்சு. மறுபக்கம் கேக்கும்."